மீன்தொட்டிக்குக் காவல்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மீட்டர்' என்பார்கள். சோப்புக் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டம் அது. கம்பெனி வாசலோடு நிற்காமல் வீடு வரைக்கும் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் பாய்லர் அறையில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். அந்தக் குழாயில் தெரியும் தண்ணீர் இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் பாய்லர் வெடிக்கும். அடுத்த ஷிப்டுக்காரர் வந்து நோட்டில் கையெழுத்துப் போடும் வரை ஆபரேட்டர் அறையை விட்டு நகரக் கூடாது. மற்ற ஆபரேட்டர்கள் அந்த விதியை அப்படி இப்படி வளைத்து ஒரு டீ குடித்துவிட்டு வருவார்கள். இவர் வளைக்கவே மாட்டார். அடுத்த ஆள் கையெழுத்துப் போட்ட பிறகும் கால் மணி நேரம் கதவருகே நின்று, அவர் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

நல்லவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட நல்லவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதை என் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

அவர் ஓய்வு பெற்ற அதே மாதத்தில் அந்த மீன்தொட்டி வீட்டுக்கு வந்தது. கண்ணாடிக்கடையில் அளவு கொடுத்துச் செய்தது. ஐந்தடி நீளம். இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில், சோபாவுக்கு நேரெதிரே, இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் கதவு போட்ட அலமாரி. அதற்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேல்தொட்டியில் வழிகிற தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, பஞ்சிலும் கல்லிலும் சுத்தமாகி, ஒரு குட்டி மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். சிக்கலெல்லாம் அந்த 'வழிகிற' இடத்தில். தண்ணீர் மேலேயிருந்து கீழே எப்படி இறங்குவது என்கிற ஒரு விஷயத்தில்தான் என் அக்காவின் ஒன்பது வருஷம் போனது.

நான் பிளம்பர். தொட்டியைப் பொருத்தும்போது நான் வெளியூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் மாட்டியிருந்தேன். ஊரில் இருந்திருந்தால் பின்கண்ணாடியில், மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே ஓர் ஓட்டை போட்டு, டேங்க் நிப்பிள் என்கிற குழாய் இணைப்பை இறுக்கி, குழாயைக் கீழே இறக்கியிருப்பேன். தண்ணீர் ஓட்டை வரை ஏறினால் தானே இறங்கும். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஓட்டை மட்டத்தோடு தண்ணீரும் நிற்கும். கரண்ட் வந்தால் மறுபடி தானே ஓடும். வீட்டில் ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் நான் திரும்பி வந்து பார்த்தபோது அத்தான் கண்ணாடியைத் தொடாத வழியில் பொருத்தியிருந்தார். தொட்டியின் விளிம்பில் உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டையும் சேர்க்க, கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி ஒரு குழாய். வண்டியிலிருந்து பெட்ரோலை டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பார்களே, அதே கதைதான். ஒரு தடவை இழுத்துவிட்டால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் குழாயின் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேரும். கரண்ட் போய் மோட்டார் நின்றால் அந்த இழுப்பு அறுந்துவிடும். கரண்ட் வந்ததும் மோட்டார் பாட்டுக்குத் தண்ணீரை மேலே தள்ளும், கீழே இறங்க வழி இருக்காது, தண்ணீர் கூடத்துக்குள் வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் குழாயின் உச்சியில் செருகியிருக்கும் ஒரு மெல்லிய டியூபை வாயில் வைத்து, காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கரண்ட் போகும்.

உறிஞ்சுவது அத்தான் பொறுப்பு. அதைச் செய்ய அவரைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தகுதி கிடையாது. அக்கா ஒரு தடவை கேட்டதற்கு, "உனக்கு மூச்சு பத்தாது" என்றார். நான் ஒரு தடவை அகப்பட்டுக்கொண்டேன். அவர் ஏதோ கையெழுத்துப் போட ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். கரண்ட் போனது. வந்தது. நான் சோபாவில் சாய்ந்து போனில் யாரிடமோ குழாய் அளவு பேசிக்கொண்டிருந்தேன். கால் நனைந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். கீழ்வீட்டுக்காரரின் கூரையில் வட்டமாக ஒரு கறை விழுந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பிளம்பர் காவல் இருந்த வீட்டில் வெள்ளம் என்று தெருவே சிரித்தது. அதோடு அத்தானுக்கு வசதியாகப் போயிற்று. யார் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும், "மாப்ள கையில விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு பாத்தீங்களே" என்பார்.

ஒன்பது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரி கூட வெளியே தங்கியதில்லை. அக்கா ஒரு சூட்கேஸ் வாங்கினாள், நல்ல நீல நிறம். அவர் ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஆசை. அது பீரோவின் தலையில் ஏறியது, இறங்கவே இல்லை. பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அக்கா தொலைக்காட்சி பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள். தண்ணீர் இறங்கும் சத்தம் நின்றுவிட்டதா என்று அத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். என் மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது அந்தக் கூடத்தில் வீறிட்டு அழுதாள். அத்தான் அவளைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த வீட்டில் பதினொரு மீன்களும் இரண்டு மனிதர்களும் தொட்டிக்குள் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

அவர்கள் மகள் கல்யாணத்தின்போது தொட்டி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் 'பாப்பா' என்று கூப்பிடுவோம், முப்பது தாண்டியும் அதே பேர்தான். கல்யாணம் அவள் வேலை பார்க்கிற ஊரில், பஸ்ஸில் பத்து மணி நேரம். அத்தான் அன்று காலையில் வந்து இறங்கினார். மத்தியானம் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது ஆளைக் காணோம். கீழ்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கரண்ட் போயிருக்கிறது என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டார். பாப்பா போட்டோவில் எல்லாம் ஒரு பக்கமாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவைத் தேடுகிறாள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அத்தானுக்குக் குற்ற உணர்ச்சி வந்ததோ என்னவோ, ஒரு நோட்டுப் போட்டு இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தார். தண்ணீர் இறங்குவதற்கு எது நல்ல வழி? பின்கண்ணாடியில் ஓட்டையா, அடியில் ஓட்டை போட்டு நிற்கிற குழாயா, ஒரே குழாயா, ஆபத்துக்கு இன்னொன்றா? பக்கம் பக்கமாகப் படம் வரைந்தார். நான் போகும்போதெல்லாம், "மாப்ள, அடியில ஓட்டை போட்டா ரப்பர் வாஷர் கசிஞ்சா முழுத் தண்ணியும் போயிடும் இல்ல?" என்பார். "அப்ப பின்னால போடுவோம்" என்றால், "பின்னால போட்டா சத்தம் வரும்" என்பார். மதில் மேல் பூனைகூட ஒரு நாள் எந்தப் பக்கமாவது குதிக்கும். இவர் மதில் மேலேயே குடித்தனம் நடத்தினார்.

போன மாதம் பாப்பாவுக்குக் கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தி, இடது கை மரத்துப் போக ஆரம்பித்தது. ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள், ஒரு புதன்கிழமை. அக்கா போனில் அழுதுகொண்டே, "நான் கிளம்பி வரேன்டி" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நீ மட்டும் வரதா இருந்தா வராதேம்மா" என்றாள் பாப்பா.

"ஏண்டி இப்படிப் பேசற?"

"கல்யாணத்தன்னிக்கு மீனா நானான்னு கேட்டேன், மீன்னு பதில் வந்துச்சு. இப்ப கழுத்தை அறுக்கப் போறாங்க. மறுபடி அதே பதிலைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டு பேரும் வாங்க. இல்லைன்னா யாரும் வேணாம், என் வீட்டுக்காரர் இருக்காரு, பகலுக்கு ஆள் வச்சுக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். அத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். டியூபைக் கையில் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் மாட்டினார். அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து சூட்கேஸை இறக்கினாள். ஒன்பது வருஷத் தூசி. ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "தம்பி, எப்படியாவது பண்ணுடா. அவ சொன்னா சொன்னதுதான், அப்படியே அப்பா மாதிரி" என்றாள்.

சனிக்கிழமை காலையில் டிரில், கண்ணாடிக்கான டைமண்ட் பிட், நிப்பிள், முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு, ஆறடிக் குழாய், தண்ணீர் பிடித்து வைக்க இரண்டு பெரிய டிரம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கூடத்தில் இறக்கினேன். கேட்டுக்கொண்டு செய்தால் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். "இன்னிக்கு வேணாம் மாப்ள. கரண்ட் நிலையா இல்ல."

"டிரில் பேட்டரியில ஓடும் அத்தான்."

"மீன் அதிர்ச்சியில செத்துடும்."

"மீன் டிரம்ல இருக்கும். அதிர்ச்சி எனக்கும் உங்களுக்கும்தான்."

அக்கா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததால் எனக்கும் உற்சாகம் வந்து பிட்டை மாட்டினேன். அத்தான் குரல் மாறியது. "அது டஃபன்டு கண்ணாடி. பிட்டு பட்டா பொடிப்பொடியாப் போயிடும். இத்தனை நாளா நான் சும்மா இருக்கேனா?"

நான் டிரில்லைக் கீழே வைத்தேன். அவர் சொல்வது உண்மையாக இருந்தால் வேலை அதோடு முடிந்தது. அந்த மாதிரிக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் மொத்தமும் நொறுங்கும். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. சூட்கேஸ் சுவரோரம் நின்றிருந்தது. அதற்குள் அவள் துணி மடித்து வைக்க ஆரம்பித்திருந்தாள். ஏன் இதை ஒன்பது வருஷமாகச் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

"டஃபன்டுன்னா மூலையில சின்னதா ஒரு முத்திரை இருக்கும். பாத்துடறேன்" என்றேன்.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பின்கண்ணாடி முழுக்க வெளிப்பக்கம் கறுப்பு பேப்பர் ஒட்டியிருந்தது. நான் பக்கவாட்டில் உடம்பைச் செருகி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேல்மூலையில் பேப்பரை உரிக்க ஆரம்பித்தேன்.

"அங்க கிழிக்காதே!" என்றார் அத்தான். அவர் என்னிடம் கத்தியதே இல்லை.

அதற்குள் பேப்பர் கையோடு வந்துவிட்டது. முத்திரையைக் காணோம். அதற்குப் பதிலாக, மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே, உள்பெட்டி தொங்கும் இடத்துக்கு நேர் பின்னால், வட்டமாக ஓர் ஓட்டை. நான் போட நினைத்த அதே இடம், அதே அளவு. விரலை வைத்தேன். உள்ளே போய் இன்னொரு கண்ணாடியில் முட்டியது. உள்பக்கம் ஒரு துண்டுக் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் சிலிகான் போட்டு ஒட்டியிருந்தார்கள். பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

"என்னடா?" என்றாள் அக்கா.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஒரு நொடிதான். "ஓட்டை ஏற்கனவே இருக்குக்கா. யாரோ அடைச்சு வச்சிருக்காங்க" என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் பேசினார். "நான் சொல்லித்தான் கடைக்காரர் ஓட்டை போட்டுக் கொடுத்தாரு. ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே பிளான் போட்டு வச்சிருந்தேன். முதல் பத்து நாள் அதுலதான் ஓடிச்சு. ஒரு நாள் நீ மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தே. கரண்ட் போச்சு. பதறி ஓடி வந்தேன், ஒண்ணும் ஆகலை. கரண்ட் வந்துச்சு, அப்பவும் ஒண்ணும் ஆகலை. அது பாட்டுக்குத் தானா ஓடுது. நான் சும்மா நிக்கறேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனியில என் இடத்துக்கு ஆள் போடல மாப்ள. ஒரு ஆட்டோமேட்டிக் பேனல் வச்சாங்க. அதுவும் அப்படித்தான், தானா ஓடுது. அன்னிக்கு சாயங்காலமே ஒரு துண்டுக் கண்ணாடி வெட்டி வாங்கிட்டு வந்து அடைச்சுட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, அதே சமயம் அந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் வாயில் பேச்சு வராது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அக்கா என்னிடம் கேட்டாள். "அந்தத் துண்டு எவ்வளவு பெருசுடா இருக்கும்?"

"உள்ளங்கை அளவு இருக்கும்."

"உள்ளங்கை அளவு" என்று தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, தினம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கறீங்களே, அப்பல்லாம் கரண்ட் போகாதா?"

"போகும். நான் எழுந்து…"

"எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?"

அவர் யோசித்தார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"நான்தான் உறிஞ்சி விடுவேன். ஒன்பது வருஷமா. எனக்கு மூச்செல்லாம் நல்லாவே பத்துச்சு. எழுப்பினா உங்க தூக்கம் கெடுமேன்னு எழுப்பல. அப்புறம் சொன்னா மனசு கெடுமேன்னு சொல்லல. நீங்க இல்லாம ஓடாதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருந்தீங்க, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ஆனா நீங்க வேணும்னே அடைச்சு வச்சீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "பாப்பா போட்டோவுல திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கறாளே. அதைப் பாக்கறப்பல்லாம் மீனைத்தானே நான் திட்டினேன்."

நான் வேலையை ஆரம்பித்தேன். தண்ணீரைப் பாதிக்கு மேல் டிரம்முக்கு இறக்கி, உள்பெட்டியைக் கழற்றி, சிலிகானை பிளேடால் அறுத்து அந்தத் துண்டை எடுத்தேன். நிப்பிளை இறுக்கிக் குழாயை இறக்கினேன். ஒரே மத்தியானத்தில் முடிந்தது. ஓட்டை போடும் வேலைதான் ஏற்கனவே முடிந்திருந்ததே.

மெயின் சுவிட்சை அக்காவே போய் அணைத்தாள். தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு இறங்கி நின்றது. மறுபடி போட்டாள். ஏறியது, வழிந்தது, குழாயில் சளசளவென்று இறங்கியது. அத்தானின் கை தன்னையறியாமல் டியூப் இருந்த இடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

"நாளைக்குக் காலைல பஸ். ரெண்டு பேருக்கும் சீட்டு சொல்லட்டுமா?" என்றேன்.

"ரெண்டு நாள் ஓட்டம் பாத்துட்டு வரேன். வாஷர் புதுசு, கசியுதான்னு பாக்கணும்" என்றார் அத்தான்.

அக்கா அவரைப் பார்த்தாள். "பாருங்க" என்றாள், அவ்வளவுதான். "நான் போறேன். அவ கதவைத் திறக்கலைன்னா வாசல்ல உக்காந்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினார். பிடி வழுக்குகிறது என்று அந்த பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை நான் போனபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். பழைய டியூபைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கரண்ட் போனது. பாதி எழுந்தார். தண்ணீர் நின்றது. கரண்ட் வந்து தண்ணீர் ஓடியது. உட்கார்ந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. முன்பாவது கூண்டின் கதவு பூட்டியிருந்தது. இப்போது திறந்த கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி போனேன். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாப்ள, அந்தத் துண்டு வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன். அக்கா வர வரைக்கும் பழையபடி ஓட்டலாமேன்னு…"

கருவிப் பையில்தான் இருந்தது. எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "இந்தாங்க. ஒட்டணும்னா நீங்களே ஒட்டிக்கோங்க. சிலிகான் கடையில கிடைக்கும். உங்க பொண்ணு நாளைக்குக் காலைல கழுத்தை நீட்டிக்கிட்டுப் படுக்கப் போறா. அவளுக்கு எந்தப் பேனலும் கிடையாது அத்தான்." கதவைச் சாத்திய வேகத்தில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தெருமுனைக்கு வந்த பிறகு அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று மனசு உறுத்தியது. திரும்பிப் போகவும் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஏறிப் பார்த்தேன். பூட்டு. கீழ்வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். "நேத்து சாயங்காலம் கொடுத்துட்டுப் போனாரு. கூரைக்கறைக்கும் வெள்ளை அடிச்சுத் தரேன்னாரு. உடம்பு சரியில்லையா அவருக்கு?" என்றார்.

கூடத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம். நாற்காலியின் மேல் அந்த நோட்டு, அதன் மேல் பாரத்துக்கு அந்தக் கண்ணாடித் துண்டு. மூன்று பக்கம் எனக்குக் குறிப்பு எழுதியிருந்தார். கரண்ட் போனால் முதலில் என்ன பார்ப்பது, வந்தால் என்ன பார்ப்பது, எத்தனை நிமிஷம் நின்று பார்ப்பது, கீழ்த்தொட்டி மட்டம் எங்கே இருக்க வேண்டும். மூன்று பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். கடைசியில் ஒரே வரி. 'மீனுக்குக் காலையில் மட்டும் தீனி போடவும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.' கீழே, ஷிப்ட் முடித்த ஆபரேட்டர் மாதிரி, கையெழுத்தும் நேரமும் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் தொட்டியின் முன்னால் நிற்கும்போது அக்கா போன் செய்தாள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுடா. இவர் நேத்து விடியறப்பவே வந்துட்டாரு. வந்தவர் உள்ள வரணுமே! ஆபரேஷன் முடிஞ்சு அவளைக் கொண்டுவந்த அப்புறமும் கதவோரமாவே நிக்கறாரு. அவளுக்குக் கழுத்துல பட்டை, திருப்ப முடியாது. 'கதவுகிட்ட யாரும்மா'ன்னு கேட்டா. நான் பதிலே சொல்லலை. 'முன்னால வந்து நில்லுங்க'ன்னு இவரைத்தான் சொன்னேன். வந்து நின்னாரு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் 'அப்பா, தண்ணி'ன்னா. குழாய் போட்டுத்தான் குடிக்கணும். நேத்துலேர்ந்து இவர்தான் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. நர்ஸ் கேட்டாக்கூடக் கொடுக்க மாட்டேங்கறாரு. இரு, பேசறாராம்."

அந்த நேரம் பார்த்து மோட்டார் சத்தம் நின்றது. தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு இறங்கியது. நான் குனிந்து தரையைப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒரு நிமிஷம் இருக்கும், கரண்ட் வந்தது. தண்ணீர் ஏறி, வழிந்து, சளசளவென்று இறங்க ஆரம்பித்தது.

"மாப்ள" என்றார் அத்தான். "கரண்ட் போச்சா?"

"போச்சு. வந்துச்சு."

"நீ ஏதாவது பண்ணினியா?"

"இல்ல அத்தான். நோட்டுல எழுதினபடி, ஒண்ணும் பண்ணலை."

பின்னால் பாப்பா எதற்கோ கூப்பிடுவது கேட்டது.

"சரி, வச்சிடறேன்" என்றார். "அவளுக்குத் தாகமா இருக்காம்."